விரல் விட்டு எண்ணும் குழந்தைகள்: தொடக்கக் கணக்கில் கை செய்யும் வேலை

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்போது இரண்டு விதமான செய்திகள் வந்து சேர்கின்றன. ‘உங்கள் குழந்தை இன்னும் விரலால் எண்ணுகிறது, வீட்டில் கவனிக்கவும்’ என்று நாட்குறிப்பில் எழுதி அனுப்பும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விரலால் எண்ணும் குழந்தைகளே கணக்கில் முன்னேறுவதாக ஓர் ஆய்வு கண்டறிந்திருக்கிறது என்ற செய்தியோ செல்பேசியில் சுற்றி வருகிறது. கன்னியாகுமரி மாவட்டம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம். பிள்ளையின் படிப்பை அன்றாடம் உட்கார்ந்து கவனிக்கும் பெற்றோர் இங்கே அதிகம் என்பதால், இந்தக் குழப்பமும் நேரடியாகச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடுகிறது. பாட்டி சமையலறையிலிருந்தே, “வெரலுல எண்ணாத மக்களே, மனசுல சொல்லு” என்று குரல் கொடுக்கிறார். குழந்தை கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய் அங்கே மடக்குகிறது.

மேற்கண்ட இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், உண்மையில் அவை வெவ்வேறு வயதுக் குழந்தைகளைப் பற்றியவை. ஐந்து வயதில் விரல் ஒரு கருவி. ஒன்பது வயதிலும் அதே விதமாக அது பயன்பட்டுக்கொண்டிருந்தால், அது ஓர் அறிகுறி. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் விரலின் பயன்பாடு எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எதைத் தடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எதைக் கற்றுத்தர வேண்டும் என்பது தெளிவாகும்.

எண்ணுதல் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியவை

ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பிக்கும் நான்கு வயதுக் குழந்தையை ‘எண்ணத் தெரிந்த பிள்ளை’ என்கிறோம். ஆனால் ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு. ரோச்செல் கெல்மன், சார்லஸ் கேலிஸ்டல் என்ற உளவியல் அறிஞர்கள் 1978-இல் எண்ணுதலுக்குள் அடங்கிய ஐந்து விதிகளை வகுத்துக் காட்டினார்கள். ஒரு சீப்பு மட்டிப்பழத்தை எண்ணும் குழந்தையை வைத்து அவற்றைப் பார்க்கலாம்.

1. ஒரு பழத்துக்கு ஒரு சொல்தான். ஒரே பழத்தை இரண்டு முறை தொடவோ, ஒன்றை விட்டுவிடவோ கூடாது.
2. எண்ணுப்பெயர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் வர வேண்டும்.
3. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு. ‘ஒன்பது’ என்பது கடைசிப் பழத்தின் பெயராக நின்றுவிடாமல் சீப்பு முழுவதற்கும் உரியதாகிறது.
4. பழத்தை எண்ணிய அதே முறையில் படிக்கட்டையும், கைத்தட்டலையும், நாளையும் எண்ணலாம்.
5. எந்தப் பழத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது.

இவற்றில் மூன்றாவது விதியே கடினமானது. பெரியவர்களின் கண்ணுக்கு எளிதில் படாததும் அதுவே. ஏழு புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்து ஒரு நான்கு வயதுக் குழந்தையை எண்ணச் சொன்னால், அது ஒவ்வொன்றையும் சுட்டுவிரலால் தொட்டு ‘ஏழு’ வரை சரியாகச் சொல்லும். உடனே ‘மொத்தம் எத்தனை?’ என்று கேட்டால் பல குழந்தைகள் விடை சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ‘எத்தனை?’ என்ற கேள்வியை அக்குழந்தை ‘எண்ணிக் காட்டு’ என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. ஏழு என்ற சொல்லுக்கும் ஏழு என்ற அளவுக்கும் இடையிலான இணைப்பு அதற்கு இன்னும் உறுதிப்படவில்லை. இந்த இணைப்பு விழாத குழந்தைக்குக் கூட்டல் கற்றுத்தருவது, கரை கட்டாத வயலில் தண்ணீர் பாய்ச்சுவது போன்றது.

விரல் இதில் எதைத் தருகிறது

புளியங்கொட்டை உருண்டு ஓடும். கலைந்தால் எது எண்ணப்பட்டது, எது எண்ணப்படவில்லை என்பது தெரியாது. விரல்கள் இடம் மாறுவதில்லை, அவற்றின் வரிசையும் மாறுவதில்லை. மடக்கிய விரல் எண்ணி முடிந்தது. நீட்டிய விரல் இனி எண்ண வேண்டியது. ஒரு விரலுக்கு ஒரு சொல் என்ற முதல் விதியை உடலே நினைவூட்டுகிறது.

இரண்டாவது உதவி நினைவாற்றல் தொடர்பானது. ‘8 + 5’ என்ற கணக்கை மனத்துக்குள்ளேயே எண்ணிச் செய்ய முனையும் ஆறு வயதுக் குழந்தை ஒரே நேரத்தில் மூன்றைச் சுமக்க வேண்டும்: எட்டில் தொடங்கினோம் என்பது, இப்போது வாயில் வரும் எண் எது என்பது, ஐந்தில் இதுவரை எத்தனை கூட்டியாயிற்று என்பது. மூன்றாவதை விரலிடம் ஒப்படைத்துவிட்டால் மனம் மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது உதவியைத்தான் நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. மூன்று அல்லது நான்கு பொருள்கள் வரை மனிதக் கண் எண்ணாமலேயே அளவை அறிந்துவிடும். பல்லாங்குழி ஆடுபவர்கள் குழியில் நான்கு முத்துகள் சேர்ந்ததும் எண்ணிப் பார்க்காமலேயே ‘பசு’ என்று அள்ளுவது இதனால்தான். அதற்கு மேற்பட்டவற்றை எண்ண வேண்டும், அல்லது ஏதேனும் வடிவமாகப் பார்க்க வேண்டும். கையோ ஐந்தை ஒரே வடிவமாகத் தருகிறது. இரண்டு கைகள் பத்தைத் தருகின்றன. ஒரு கை நிறையவும் மறு கையில் இரண்டு விரலும் என்று பார்த்துப் பழகிய குழந்தைக்கு ஏழு என்பது ஐந்தும் இரண்டும் சேர்ந்தது. அத்தோடு பத்துக்கு மூன்று குறைந்தது. மடங்கிய மூன்று விரல்களும் அதே கையில் கண்முன்னே இருக்கின்றன.

தமிழ் எண்ணுப்பெயர்கள் இந்த அமைப்போடு நன்றாகப் பொருந்துகின்றன. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதினைந்து என்றால் பத்தும் ஐந்தும். இருபது என்றால் இரண்டு பத்து. இரண்டு கைகளையும் ஒருமுறை விரித்து மூடிவிட்டு மூன்று விரலைக் காட்டினால், ‘பதின்மூன்று’ என்ற சொல்லை அப்படியே கையால் சொன்னதாகிவிடுகிறது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும் இதே வசதி உண்டு; அம்மொழியின் எண்ணுப்பெயர்களும் இவ்வாறே அமைந்தவை. ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்கு ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்ற ஒலிகளில் பத்து எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ‘ஃபோர்ட்டீன்’, ‘ஃபார்ட்டி’ இரண்டும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. எனவே ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கும் வீட்டில் தமிழில் எண்ணக் கற்றுத்தருவது கணக்குக்கே உதவும். தமிழிலும் இடர்ப்பாடு இல்லாமல் இல்லை. தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் ஒலிப்பதால், பல பிள்ளைகள் எண்பத்தொன்பதுக்குப் பிறகு தடுமாறி நிற்பதைக் காணலாம்.

எட்டும் ஐந்தும்: விரல் கணக்கின் படிகள்

விரலால் எண்ணுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரே கணக்கை விரலைக் கொண்டு செய்வதில் வெவ்வேறு அறிவுநிலைகள் உள்ளன. 8 + 5 என்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

1. முழுவதையும் எண்ணுதல். குழந்தை முதலில் எட்டு வரை எண்ணி விரல்களை விரிக்கிறது. பிறகு ஐந்து வரை எண்ணுகிறது. பிறகு அனைத்தையும் ஒன்றிலிருந்து மீண்டும் எண்ணுகிறது. பத்து விரலுக்கு மேல் போவதால் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சிக்கிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவரின் கையைக் கேட்கும் குழந்தை இந்தப் படியில்தான் இருக்கிறது.

2. முதல் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணுதல். ‘மனதில் எட்டு, கையில் ஐந்து’ என்று நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தருவது இதுதான். எட்டுக்கு அடுத்து ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஐந்து விரல்களையும் மடக்கி முடிக்கும்போது விடை வாயில் இருக்கிறது. எட்டை மறுபடி எண்ண வேண்டியதில்லை என்று குழந்தை ஒப்புக்கொண்டிருப்பதால், மேலே சொன்ன மூன்றாவது விதி உள்ளே இறங்கியிருக்கிறது என்று இதற்குப் பொருள்.

3. பெரிய எண்ணிலிருந்து தொடர்தல். கேள்வி ‘2 + 9’ என்று வந்தாலும் குழந்தை ஒன்பதை மனதில் வைத்து இரண்டு விரலை மட்டும் மடக்குகிறது. வரிசையை மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறாது என்ற பண்பை, அதன் பெயர் தெரியாமலேயே பயன்படுத்துகிறது.

4. பிரித்துச் சேர்த்தல். எட்டுக்குப் பத்தாக இரண்டு வேண்டும். ஐந்திலிருந்து இரண்டை எடுத்தால் மூன்று மிச்சம். பத்தும் மூன்றும் பதின்மூன்று. இங்கே விரல் அசையாமலும் இருக்கலாம், ஆனால் சிந்தனை விரலின் வடிவத்தில்தான் நடக்கிறது.

5. நினைவிலிருந்து நேராகச் சொல்லுதல்.

ஒரு குழந்தை இப்படிகளில் மாடி ஏறுவது போல வரிசையாக ஏறிவிடுவதில்லை. ‘5 + 5’ என்பதை நினைவிலிருந்து சொல்லும் குழந்தையே ‘6 + 7’ என்பதற்கு விரலை எடுக்கும். களைத்திருக்கும் மாலையில் நேற்றுச் சொன்ன விடைக்கும் இன்று விரலை மடக்கும். இது இயல்பானது. உறுதியாகத் தெரியாத இடத்தில் உறுதியான வழியைத் தேர்ந்தெடுப்பது குழந்தையின் நல்ல முடிவுதான்.

தவறான விடைகளும் பேசுகின்றன. ‘8 + 5 = 12’ என்று எழுதிய குழந்தையின் கையைப் பார்த்தால், முதல் விரலை மடக்கும்போதே ‘எட்டு’ என்று சொல்லித் தொடங்கியிருப்பது தெரியும்: எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஐந்து விரலும் மடங்கிவிட்டன, விடை ஒன்று குறைந்துவிட்டது. இன்னொரு பிள்ளை ‘15 - 7 = 13’ என்று எழுதியிருக்கலாம். சரியான விடையோடு ஒப்பிட்டால் பிழை மிகச் சரியாக ஐந்து. ஏழைக் காட்டும்போது ஒரு முழுக் கையை மறந்து, மறு கையின் இரண்டு விரலை மட்டும் கழித்திருக்கிறது. சரியாக ஐந்து தவறும் இத்தகைய பிழைகள் தொடக்க வகுப்புப் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவதற்கு முன் ஆசிரியர் ‘கையில் செய்து காட்டு’ என்று கேட்டால், இரண்டு பிழைகளும் அரை நிமிடத்தில் திருந்தக்கூடியவை. விரலைத் தடை செய்துவிட்டால் பிழை எங்கே விழுந்தது என்பதைக் காட்டும் ஒரே சாட்சியும் மறைந்துபோகிறது.

விரலுக்கும் எண்ணுக்கும் மூளையில் உள்ள உறவு

ஆஸ்திரியாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜோசப் கெர்ஸ்ட்மன் 1920-களில் ஒரு நோய்க்கூட்டத்தை விவரித்தார். மூளையின் இடப்பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் நான்கு குறைகள் சேர்ந்து காணப்பட்டன: தம் விரல்களை அடையாளம் காண இயலாமை, கணக்குச் செய்ய இயலாமை, எழுத இயலாமை, இடம் வலம் அறிய இயலாமை. விரலறிவும் எண்ணறிவும் மூளையில் அண்டை வீட்டாராக இருக்கின்றன என்ற எண்ணத்துக்கு இது தொடக்கமாக அமைந்தது. பிற்காலத்தில், கண்ணை மூடிக்கொண்டு எந்த விரல் தொடப்பட்டது என்று சரியாகச் சொல்லும் குழந்தைகள் தொடக்கக் கணக்கிலும் நன்றாகச் செய்வதாகச் சில ஆய்வுகள் கண்டன.

இதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. பார்வையற்ற குழந்தைகள் விரலை மிகக் குறைவாகவே பயன்படுத்தியும் கணக்கு கற்கிறார்கள்; கையில் குறைபாடு உள்ள குழந்தைகளும் கற்கிறார்கள். விரல் ஒரு நல்ல வழி. அது ஒன்றே வழி என்று எவரும் நிறுவவில்லை.

முரண்படுவது போலத் தோன்றும் ஆய்வுகள்

அமெரிக்காவில் நான்சி ஜோர்டானும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, மழலையர் வகுப்பின் தொடக்கம் முதல் இரண்டாம் வகுப்பின் முடிவு வரை அதே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. மழலையர் வகுப்பில் விரலை அதிகம் பயன்படுத்திய குழந்தைகள் சரியான விடைகளை அதிகம் தந்தார்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போது அந்த உறவு மறைந்து, சற்றே எதிர்த்திசைக்கும் திரும்பியிருந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் தொடக்கத்தில் விரலைக் குறைவாகப் பயன்படுத்தியதும் அதில் தெரிந்தது. விரலால் எண்ணலாம் என்பதையேகூட யாரோ ஒருவர் கற்றுத்தர வேண்டியிருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் தெவனோ குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதையே நேரடியாகச் சோதித்தது. பிரான்சில் ஐந்து, ஆறு வயதுடைய 328 குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். விரலைப் பயன்படுத்தாத குழந்தைகளுக்கு விரல் விட்டு எண்ணும் முறை கற்றுத்தரப்பட்டபோது, எளிய கூட்டல்களில் அவர்களின் சரியான விடைகள் சுமார் 37 விழுக்காட்டிலிருந்து 77 விழுக்காடாக உயர்ந்தன. செல்பேசியில் சுற்றும் செய்திகளுக்கு இத்தகைய ஆய்வுகளே மூலம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் எதுவும் இல்லை. ஐந்து வயதில் விரலை எடுக்கும் குழந்தை, எண்ணுதல் கூட்டலுக்கு உதவும் என்று கண்டுகொண்ட குழந்தை. எட்டு வயதில் விரலை விட்டுவிட்ட குழந்தைகளில் பலர், முன்பு அதை நன்றாகப் பயன்படுத்தி முடித்தவர்கள். ஆசிரியர் மூன்றாம் வகுப்பில் பார்ப்பது விரலை விட்டவர்கள் முன்னேறியும் விடாதவர்கள் பின்தங்கியும் இருக்கும் காட்சியை. அதை வைத்து விரலே பின்தங்கலுக்குக் காரணம் என்று முடிவு செய்துவிடுகிறோம். காய்ச்சல்காரர்களின் வீட்டில்தான் கஞ்சி அதிகம் காய்ச்சப்படுகிறது. அதனால் கஞ்சி காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று யாரும் சொல்வதில்லை.

நம் ஊர்ப் பெரியவர்களின் கைகள்

விரலால் எண்ணுவது சிறுபிள்ளைத்தனம் என்ற எண்ணம் இம்மாவட்டத்தில் எப்படி வேரூன்றியது என்பது வியப்புக்குரியது. ஏனெனில் இங்குள்ள பெரியவர்கள் நாள்தோறும் விரலால் எண்ணுகிறவர்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லும்போது மாலை கையில் இல்லாவிட்டால், பத்து ‘அருள் நிறைந்த மரியே’க்குப் பத்து விரல் போதும், பத்துப் பத்தாக ஐந்து முறை, தொடக்கத்தில் ஒரு மூன்று. திருவிதாங்கோட்டிலும் தேங்காப்பட்டணத்திலும் தொழுகைக்குப் பின் முப்பத்து மூன்று முறை சொல்லும் திக்ர் என்னும் இறைத்துதி விரல் கணுக்களில் எண்ணப்படுகிறது. கரமாலையாக, அதாவது கையையே செபமாலையாகக் கொண்டு, மந்திரம் எண்ணுபவர், மோதிரவிரலின் நடுக்கணுவில் தொடங்கிச் சுற்றிவந்து சுட்டுவிரலின் அடிக்கணுவில் பத்தை முடிக்கிறார். ஆதி தாளம் போடுபவரின் கை ஒரு தட்டுக்குப் பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணி, இரண்டு முறை தட்டி வீசி எட்டை நிறைவு செய்கிறது. மனம் பாட்டிலோ வேண்டுதலிலோ நிற்க வேண்டியிருப்பதால், கணக்கு கைக்குப் போய்விடுகிறது. குழந்தையும் இதையேதான் செய்கிறது.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. பெரியவர்கள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் நகர்த்தி எண்ணும்போது ஒரு விரலுக்கு மூன்று, ஒரு கைக்குப் பன்னிரண்டு என்று போகிறது. நீளமாக எண்ணுவதற்கு இது வசதியானது. சந்தையிலும் கடையிலும் இதற்கு இணையில்லை. கூட்டல் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு இம்முறை அவ்வளவாக உதவாது. கணுவில் ஏழு என்பது மூன்றாவது விரலின் ஒரு கோடு. அதைப் பார்த்தவுடன் ஏழு என்று தெரியாது, ஐந்தும் இரண்டும் தெரியாது, பத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதும் தெரியாது. தாத்தா தம் வழியிலேயே பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, பள்ளியில் விரல் விரித்துக் கற்றது இதோடு கலந்து குழம்புவதும் உண்டு. தொடக்கத்தில் விரித்த விரலே நல்லது. கணு முறை மூன்றாம் வகுப்புக்குப் பிறகு வரட்டும்.

தடை செய்தால் நடப்பது

விரலைத் தடுத்த உடனே குழந்தை மனக்கணக்குக்குத் தாவிவிடும் என்பது எதிர்பார்ப்பு. நடப்பது வேறு.

1. எண்ணுதல் ஒளிந்துகொள்கிறது. மேசைக்குக் கீழே விரல், செருப்புக்குள் கால்விரல், மூடிய வாய்க்குள் பற்களைத் தொடும் நாக்கு, மெல்ல ஆடும் தலை. இவற்றில் எதிலும் ஐந்து, பத்து என்ற வடிவம் இல்லை. ஒன்று ஒன்றாக எண்ணும் மோசமான பகுதி தங்கிவிட, வடிவமாகப் பார்க்கும் நல்ல பகுதி போய்விடுகிறது.

2. ஊகம் தொடங்குகிறது. வேகமாகச் சொல்ல வேண்டும், விரலும் கூடாது என்றால், வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வதே மிச்சம். அப்படிச் சொன்ன தவறான விடை பலமுறை திரும்ப வந்தால் அதுவும் மனப்பாடமாகிவிடும்.

3. கணக்கு என்றாலே ஒளித்துச் செய்ய வேண்டிய ஒன்று என்ற உணர்வு ஆறு வயதிலேயே வந்துவிடுகிறது. மூன்றில் இதுவே கொடியது என்று கருதுகிறேன். முதல் இரண்டும் பயிற்சியால் சரியாகும், இது எளிதில் போகாது.

அபாகஸ் வகுப்பைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். அதன் ஒவ்வொரு கம்பியிலும் ஐந்தைக் குறிக்கும் ஒரு மணியும் ஒன்றைக் குறிக்கும் நான்கு மணிகளும் உள்ளன. கையில் உள்ள அதே ஐந்து, பத்து அமைப்புத்தான். எண்ணின் அளவு புரிந்த குழந்தைக்கு அது பயன் தரலாம். ஏழு என்றால் எவ்வளவு என்று புரியாத குழந்தைக்கு மணிகளை நகர்த்தும் விதிகள் மற்றொரு மனப்பாடமாகவே முடியும்.

எப்போது கவலைப்பட வேண்டும்

விரல் அசைகிறதா என்று பார்ப்பதை விட்டு, எந்தப் படியில் அசைகிறது என்று பார்க்க வேண்டும். கீழ்க்கண்டவை தொடர்ந்து காணப்பட்டால் கவனம் தேவை.

1. இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் ‘5 + 2’ போன்ற கணக்குக்கு ஒன்றிலிருந்து முழுவதையும் எண்ணுவது.
2. தன் ஒரு கையில் எத்தனை விரல் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பது.
3. மூன்று பொருள்களைப் பார்த்தவுடன் மூன்று என்று சொல்ல முடியாமை. இரண்டு எண்களில் எது பெரியது என்பதில் தொடர்ந்த தடுமாற்றம்.
4. பத்துக்கு மேல் பின்னோக்கி எண்ண இயலாமை.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கரும்பலகை தெரியாத குழந்தையைக் கணக்கு வராத குழந்தை என்று எண்ணிவிடுவது நேர்கிறது. இவையெல்லாம் சரியாக இருந்து, நல்ல பயிற்சிக்குப் பிறகும் குறை நீடித்தால், அது கணக்குக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். ‘டிஸ்கால்குலியா’ எனப்படும் இக்குறைபாடு குழந்தைகளில் ஏறக்குறைய 3 முதல் 7 விழுக்காட்டினரிடம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அறிவுத்திறன் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதைக் கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. மதிப்பீட்டை உரிய வல்லுநரே செய்ய வேண்டும். வகுப்பறையில் பெயர் சூட்டுவது கூடாது.

விரலிலிருந்து மனத்துக்கு

தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி தருகிறது. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு குழந்தைகள் வெவ்வேறு படியில் இருப்பார்கள் என்பதை ஏற்றுக்கொள்வதே அதன் அடிப்படை. விரல் கணக்குக்கும் அது அப்படியே பொருந்தும். வீட்டில் செய்யக்கூடியவை செலவில்லாதவை, நாளுக்குப் பத்து நிமிடம் போதுமானவை.

முதற்பணி, விரலை ஒவ்வொன்றாக விரிக்காமல் ஒரே அசைவில் காட்டப் பழக்குவது. ‘ஆறு காட்டு’ என்றால் ஒரு முழுக் கையும் ஒரு விரலும் சட்டென்று எழ வேண்டும். ‘எட்டு காட்டு’ என்றதும் மூன்று விரலோடு மறு கை எழுந்துவிட்டால், எண்ணுதல் இல்லாத அளவு உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது, மடங்கிய விரலைக் கேட்பது. எட்டைக் காட்டிய கையைப் பார்த்து ‘பத்தாக இன்னும் எத்தனை?’ என்று கேட்க வேண்டும். எட்டும் இரண்டும், ஏழும் மூன்றும், ஆறும் நான்கும் என்ற பத்தின் இணைகள் இவ்வாறு கண்ணால் படிந்தால், பின்னாளில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வரை அவை துணை நிற்கும். தென்னந்தோப்பில் தேங்காய் எண்ணுபவர் ஒரு நூறு முடிந்ததும் ஒரு காயைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதைக் குழந்தைக்குக் காட்டலாம். முற்றத்தில் சிரட்டைகளை அடுக்கி, பத்துக்கு ஒரு கல் என்று அதையே விளையாட்டாக ஆக்கினால், பத்தாமிடம் என்றால் என்ன என்பது புத்தகத்துக்கு முன்பே புரியும்.

மூன்றாவதாக, விரலை மறைத்துக் காட்டுவது. எட்டு விரலை ஒரு நொடி காட்டிவிட்டுத் துண்டால் மூடி, ‘இதோடு ஐந்து சேர்த்தால்?’ என்று கேட்கலாம். கை இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. குழந்தை அதை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேவைப்பட்டால் துண்டை விலக்கிப் பார்க்கவும் விட வேண்டும். விலக்குவது நாளடைவில் தானே குறையும்.

கழித்தலுக்கும் இதே வழி. ‘13 - 9’ என்பதற்குப் பதின்மூன்றிலிருந்து ஒன்பது விரலைப் பின்னோக்கி மடக்குவது நீண்ட வேலை. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை முன்னோக்கி எண்ணினால் நான்கு விரலில் முடியும். மீதிச் சில்லறை தரும் கடைக்காரர் செய்வது இதுவே என்று சொன்னால் குழந்தை உடனே பிடித்துக்கொள்ளும். வாய்ப்பாட்டை மட்டும் விரலில் வளர்த்துக்கொண்டே போக வேண்டியதில்லை. கூட்டல் உறுதிப்பட்ட பிறகு ஐந்தாம், பத்தாம் வாய்ப்பாடுகளில் தொடங்கி ஓசையோடு சொல்லிப் பழகுவதே அதற்குப் பொருத்தம்.

விடை சரியாக வந்த நாளிலும் ‘எப்படித் தெரிந்தது?’ என்று ஒருமுறை கேட்க வேண்டும். ‘சும்மா தெரியும்’ என்றால் சரி, நினைவில் பதிந்துவிட்டது. ‘எட்டுக்கு ரெண்டு வேணும், அஞ்சுல ரெண்டு போனா மூணு’ என்று சொன்னால் அது இன்னும் சிறப்பு. கை மேசைமேல் அசையாமல் கிடக்கும்போதும் அந்தக் குழந்தை அதில் மடங்கியிருந்த இரண்டு விரலைப் பார்த்துத்தான் பேசுகிறது.